இடுப்பு எங்கே மடங்கும்?

எண்பதுகளில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு தடவையாவது கைக்கடிகாரத்தை வாய்க்கருகே கொண்டுபோய் ரகசியமாக உத்தரவு போட்டிருப்பார்கள். கடிகாரம் இல்லாதவர்கள் வெறும் மணிக்கட்டில் பேசினார்கள். 'ஜெயன்ட் ரோபோட்' தொடரில் வரும் சிறுவன் அப்படித்தான் தன் இரும்பு ராட்சதனைக் கூப்பிடுவான். எகிப்திய மன்னர் சிலை போன்ற முகம், அசைந்து அசைந்து நடை. ஜப்பானில் 1967-ல் தொடங்கிய தொடர் அது. எங்கள் தெருவுக்கு வந்து சேர இருபது வருடம் ஆகிவிட்டது.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனை வரைந்தேன். மார்புக்கு ஒரு பெட்டி, வயிற்றுக்கு ஒரு பெட்டி, கீழே இரண்டு தூண். லேத் பட்டறையில் வேலை முடித்து வந்த அப்பா அதைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இவன் எப்படிடா உட்காருவான்?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். உட்கார வைக்கப் பார்த்தேன். முடியவில்லை. தொடை வயிற்றுப் பெட்டியில் போய் முட்டியது. ரப்பர் போட்டு அழித்து அழித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

ஆள் ஏறி ஓட்டுகிற, கால் வைத்து நடக்கிற கற்பனை இயந்திரங்களை 'மெக்' என்று சொல்கிறார்கள். ஜப்பானியர் 'மெக்கா' என்பார்கள். பார்க்கிறவர் நம்பும்படி அதை வரைவது இன்று உலகம் முழுக்கப் பலருக்குப் பொழுதுபோக்கு. எனக்கும்தான். பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் படித்துவிட்டுப் பிழைப்புக்கு வேறு வேலைக்குப் போனவன், இரவு பத்து மணிக்கு மேல் முழங்கால் மூட்டு வரைந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கலை அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி ஆகியிருக்கிறது என்று யோசித்தால் அப்பாவின் அந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறது.

ஆரம்ப காலத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மிட்சுதெரு யோகோயாமா 1956-ல் 'டெட்சுஜின் 28' என்ற சித்திரக்கதையைத் தொடங்கினார். எங்கள் ஜெயன்ட் ரோபோட்டும் அதே மனிதரின் கற்பனைதான். டெட்சுஜின் ஒரு கொதிகலனுக்குக் கைகால் முளைத்த மாதிரி உருண்டு திரண்டிருக்கும். ஒரு பையன் ரிமோட் பெட்டியை வைத்து அதை ஓட்டுவான். 1972-ல் கோ நாகாய் 'மசிங்கர் இசட்' படைத்தபோது ஓட்டுபவனை ரோபோவின் தலைக்குள்ளேயே உட்கார வைத்தார். அது பெரிய மாற்றம். ஆனால் நடக்கும்போது நம் தலையே ஒவ்வோர் அடிக்கும் நாலைந்து சென்டிமீட்டர் ஏறி இறங்கும். நம்மைப் போலப் பத்து மடங்கு உயரமான இயந்திரத்தின் தலையில் உட்கார்ந்தவன் அரை மீட்டர் தூக்கிப் போடப்படுவான். தெருமுனை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்திருப்பான். அன்று அது யாருக்கும் பொருட்டாக இல்லை. வீரம் இருந்தது, அது போதும்.

திருப்பம் கொஞ்சம் சுற்றி வந்தது. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1959-ல் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் சிப்பாய்கள் இயந்திரக் கவசம் அணிந்து போருக்குப் போவார்கள். அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பு 1977-ல் புதிய பதிப்பாக வந்தபோது ஸ்டூடியோ நூவே என்ற குழு அந்தக் கவசத்துக்கு உருவம் கொடுத்தது. வடிவமைத்தவர் கசுடாகா மியாடாகே. நாயகனைப் போலத் தோன்றாமல் பட்டாளத்துச் சாமான் போலத் தோன்றிய முதல் உருவங்களில் அது ஒன்று. அதைப் பார்த்தவர்களின் மனத்தில் ஏதோ மாறிவிட்டது. இரண்டே ஆண்டில் 'மொபைல் சூட் கன்டாம்' வந்தது. (தமிழில் 'கண்டம்' என்று எழுதினால் ஜோசியர் சொன்ன கண்டம் நினைவுக்கு வருகிறது, அதனால் இப்படி எழுதுகிறேன்.)

1979 ஏப்ரலில் ஒளிபரப்பான அந்தத் தொடரை இயக்கியவர் யோஷியுகி டொமினோ. இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஓகாவாரா. துணி வடிவமைப்பிலிருந்து கார்ட்டூன் ஸ்டூடியோவுக்கு வந்தவர். 1972-ல் வந்த 'காட்சாமன்' தொடரில் 'மெக்கானிக் டிசைன்' என்று தனியாகப் பெயர் போடப்பட்டவர். அதுவரை ஒரு வேலை என்றே கணக்கில் வராத ஒன்றுக்கு அதன்பிறகு ஒரு பதவிப் பெயர் கிடைத்தது. கன்டாமுக்கு அவர் போட்ட சிவப்பு, நீலம், மஞ்சள் நமக்குப் பழகிவிட்டன. ஆனால் ராணுவ வாகனத்துக்கு யார் இப்படிக் கண்ணைப் பறிக்கும் பெயின்ட் அடிப்பார்கள்? பணம் போட்டது பொம்மைக் கம்பெனி. பொம்மை விற்க வேண்டும், அதனால் பெயின்ட். எதிரியின் 'ஸாக்கு' நாயகன் இல்லையே, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. மங்கிய பச்சை, ஒற்றைக் கண், வெளியே தொங்கும் குழாய்கள். நம்பகமான மெக் என்று எவரைக் கேட்டாலும் முதலில் ஸாக்குவைத்தான் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சி.

அன்றைய ஓவியத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. செல்லுலாய்டுத் தாளில் ஒவ்வொரு பிரேமையும் கையால் வரைய வேண்டும். ஒரு கோடு கூடினால் அது ஆயிரம் கோடாகும். அதனால் எதை விடலாம் என்பதில்தான் ஓகாவாராவின் திறமை இருந்தது. ஸாக்குவின் காலில் நாலைந்து கோடுதான். அவற்றைப் பார்த்தாலே எது தகடு, எது மூட்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு சலுகையும் இருந்தது. கன்டாமின் இடுப்பில் பாவாடை மாதிரி ஒரு கவசம். கால் தூக்கும்போது அந்தக் கவசத்தை அனிமேட்டர் துணியைப் போல வளைத்துவிடுவார். இரும்பு வளைந்ததை யார் கவனிக்கப்போகிறார்கள்?

பிளாஸ்டிக் கவனித்தது. தொடர் 43 பகுதியோடு முடித்துக்கொள்ளப்பட்டது, ஓடியவரை பெரிய வரவேற்பில்லை. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் அதன் மாடல் கிட்டைக் கொண்டுவந்தது. 144-ல் ஒரு பங்கு அளவு, அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரம். விலை 300 யென். பசை போட்டு ஒட்ட வேண்டும். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வீடு பையன்கள் கன்டாமை உட்கார வைக்கப் பார்த்தார்கள். தொடை பாவாடையில் போய் முட்டியது. கணக்கு நோட்டில் எனக்கு நேர்ந்தது ஜப்பான் முழுக்க நடந்தது என்று பின்னாளில் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. வடிவமைப்பாளர்கள் அந்தப் பாவாடையை நடுவில் வெட்டினார்கள். வலது, இடது என்று இரண்டு மடல், மேலே கீல். தொடை எழும்போது மடலும் எழும். 1985-ல் வந்த 'ஜீட்டா கன்டாம்' தொடரில் 'அசையும் சட்டகம்' என்று கதைக்குள்ளேயே ஒரு தொழில்நுட்பம் வந்தது. உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டகம், கவசம் அதன்மேல் மாட்டியிருக்கும். 1995-ல் தொடங்கிய 'மாஸ்டர் கிரேடு' கிட்டுகள் வளர வளர, அந்தச் சட்டகத்தைக் கையால் பூட்டியே பார்க்க முடிந்தது. பொம்மை கேட்ட கேள்விக்கு ஓவியம் பதில் சொன்னது, அந்தப் பதில் மறுபடி பொம்மைக்கே வந்தது.

ஷோஜி கவாமோரி இன்னும் புத்திசாலி. 1982-ல் வந்த 'மேக்ராஸ்' தொடரில் போர்விமானம் மனித உருவ இயந்திரமாக மாறும். எது எங்கே மடங்குகிறது என்பதை அவர் லெகோ கட்டைகளை வைத்துப் பார்த்தார். கையில் மடங்காத ஒன்றைத் தாளில் மடக்குவதில்லை. இந்த ஒரு பழக்கத்தை இன்று வரைகிறவர்கள் எடுத்துக்கொண்டால் பாதிப் படங்கள் உருப்படும்.

அளவு பற்றி ஒரு கணக்கு. கலிலியோ 1638-லேயே சொல்லிவிட்டுப் போனதுதான். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும், அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நாலு மடங்குதான். கன்டாமின் உயரம் 18 மீட்டர் என்று சொல்கிறார்கள். 1.8 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆளைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எடை ஆயிரம் மடங்கு, அதாவது 70 டன். கன்டாமின் எடை வெறுமனே 43.4 டன், எல்லாம் நிரப்பினால் 60 டன். நம் உடம்பு ஏறக்குறையத் தண்ணீரின் அடர்த்தி. அப்படியானால் இரும்புக் கன்டாம் நம்மைவிட லேசு, கிணற்றில் போட்டால் மிதக்கும்!

ஓகாவாராவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. 1983-ல் 'வோடோம்ஸ்' என்ற தொடருக்கு அவர் 'ஸ்கோப்டாக்' என்றொரு மெக் வரைந்தார். உயரம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடை ஆறு டன்னுக்கு மேல். அதே விகிதத்தில் பெரிதாக்கிய மனிதனைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு கனம். இரும்பென்றால் அப்படித்தான் இருக்கும். முகத்தில் சுழலும் மூன்று லென்ஸ், பாதத்தில் உருளைகள். நடக்க வேண்டிய இடத்தில் நடக்கும், ரோடு கிடைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். மண்டியிட்டு முன்னே குனிந்துகொடுக்கும், ஆள் ஏறுவான். உடைந்தால் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவான். மெக்கை ஓட்டை ஜீப் நிலைக்கு இறக்கியது இந்தத் தொடர். 1988-ல் வந்த 'பட்லேபர்' இன்னொரு படி இறங்கியது. கட்டட வேலைக்கு வந்த இயந்திரங்களை வைத்துக் குற்றம் செய்கிறார்கள், அவர்களைப் பிடிக்கப் போலீஸும் ஓர் இயந்திரம் வைத்திருக்கிறது. யுடாகா இசுபுச்சி வரைந்த அந்தப் போலீஸ் மெக் சம்பவ இடத்துக்கு நடந்து போகாது, டிரெய்லரில் படுத்துக்கொண்டு போகும். அதற்கு ஒரு ஷெட் உண்டு. ஷெட்டில் ஓயாமல் திட்டிக்கொண்டே வேலை பார்க்கும் மெக்கானிக் கூட்டம் உண்டு. அந்த மெக்கானிக்குகளைப் பார்த்த பிறகு இயந்திரத்தை நம்பாமல் இருக்க முடியாது.

அந்தக் காலத்தில் என் மேசையில் இருந்தவை டிராப்டர், டிரேசிங் ஷீட், ராட்ரிங் பேனா, பாதி பிளேடு. மையில் போட்ட கோடு தப்பினால் பிளேடால் சுரண்ட வேண்டும். அதிகம் சுரண்டினால் தாள் ஓட்டையாகிவிடும். முன்தோற்றம் போட்டால் அதிலிருந்து கோடு இழுத்துப் பக்கத்தோற்றம், மேல்தோற்றம். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பொய் சொல்லியிருக்கிறோம் என்று அர்த்தம். இந்த மூன்று தோற்றப் பாடத்தைவிடப் பெரிய பாடம் மெக் வரைவதில் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது அந்த மேசையில் ஒரு கம்ப்யூட்டர். 'பிளெண்டர்' மென்பொருள் இலவசம். தொடையைச் சுட்டியால் பிடித்துத் திருப்பினால் இடுப்பில் எங்கே இடிக்கிறது என்பது அந்த நொடியே தெரிகிறது. நான் ஒரு வாரம் பிளேடால் சுரண்டியதைப் பள்ளிப் பையன் ஒரு மாலையில் முடித்துவிடுகிறான். முடித்த உருவத்தை 3டி பிரிண்டரில் அடித்துக் கையில் எடுத்துப் பார்க்கவும் செய்கிறான். பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் சலிப்பு வருகிறது. அன்று கோட்டுக்குப் பஞ்சம், இன்று கோட்டில் வெள்ளம். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தவர்கள் கப்பல் பெரிதாகத் தெரிய டாங்க், விமான மாடல் கிட்டுகளின் துண்டுகளை அதன்மேல் ஒட்டினார்கள். அந்தத் துண்டுகளுக்கு 'கிரீபிள்' என்று பெயர். தூரத்தில் ஓடும் கப்பலுக்கு அது சரி. இன்று கிரீபிள் மூட்டை மூட்டையாக விற்கிறது. வாங்கித் தொடையில், தோளில், முதுகில் தெளித்துவிடுகிறார்கள். மாட்டுக்கு அலங்காரம் செய்தால் அது உழும் என்று நினைக்கிற கதைதான். 2022-க்குப் பிறகு ஒரு வரி எழுதினால் படம் போட்டுத்தரும் செயலிகளும் வந்துவிட்டன. அவை போடும் மெக்கைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஹைட்ராலிக் தண்டின் ஒரு முனை கவசத்துக்குள் போகும், மறுமுனையும் கவசத்துக்குள்ளேயே போகும். எதையும் தள்ளாது, எதையும் இழுக்காது. முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நகை இருக்கும்.

நல்லதும் நடந்திருக்கிறது. ஸ்வீடனின் சைமன் ஸ்டாலன்ஹாக், போலந்தின் யாகுப் ருஜால்ஸ்கி இருவரும் மூட்டைக்கூட அவ்வளவாகக் காட்டுவதில்லை. ருஜால்ஸ்கியின் படத்தில் 1920-களின் கிராமத்து வயலில் ஆட்கள் அறுவடை செய்துகொண்டிருப்பார்கள், பின்னால் மூடுபனியில் கால் முளைத்த இரும்பு ஒன்று நிற்கும். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். தினமும் பார்த்துச் சலித்தவர்கள் என்று புரிகிறது. அதனாலேயே நாமும் நம்பிவிடுகிறோம். அந்த உலகத்தை வைத்து 2016-ல் 'சைத்' என்ற பலகை விளையாட்டு வந்தது.

நிஜத்திலும் சிலர் முயன்று பார்த்தார்கள். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் அறுபதுகளில் நாலு கால் டிரக் ஒன்று செய்தது. ஓட்டுகிறவர் தன் இரண்டு கை, இரண்டு காலால் அதன் நாலு காலையும் நடத்த வேண்டும். நடந்தது. ஓட்டியவர் சீக்கிரமே களைத்துப்போனார், திட்டமும் படுத்துவிட்டது. ஜப்பானில் கோகோரோ குராடா என்ற இரும்புக் கலைஞர் ஸ்கோப்டாக்கையே முழு அளவில் இரும்பில் அடித்து நிறுத்தினார். அது சிலை. அதன் பிறகு 2012-ல் ஆள் ஏறி ஓட்டும் 'குராடாஸ்' செய்தார். சுமார் 4 மீட்டர் உயரம், நாலரை டன் எடை. ஸ்கோப்டாக்கின் கணக்கு எவ்வளவு நேர்மையானது என்று அப்போது புரிந்தது. குராடாஸுக்கும் கால் உண்டு, ஆனால் அது நடக்காது. கால் நுனியில் சக்கரம். 2023-ல் வந்த 'ஆர்காக்ஸ்' நாலரை மீட்டர், மூன்றரை டன். அதற்கும் சக்கரம்தான். யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை 18 மீட்டர் கன்டாம் கை கால் அசைத்தது. எடை 25 டன். பின்னால் ஒரு தாங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது, எடை காலுக்கு இறங்கவே இல்லை. 25 டன் பொம்மலாட்டம். குறையாகச் சொல்லவில்லை, நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கத்தில் சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள். செயின் போட்ட பெரிய ஹிட்டாச்சி வந்து நின்றது. மூன்று நாள் நோட்டோடு திண்ணையில் உட்கார்ந்தேன். பூம் நீளும்போது ஹோஸ் எப்படி நிமிர்கிறது, மடங்கும்போது எந்தப் பக்கம் தொங்குகிறது என்று வரைந்தேன். பளபளவென்று வெள்ளித் தண்டு வெளியே வருவதையும், அதன் கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் மண் வளையமாக ஒட்டியிருப்பதையும் வரைந்தேன். பெயின்ட் எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா? ஆப்பரேட்டர் கால் வைத்து ஏறும் படியில், கை பிடிக்கும் கம்பியில், பக்கெட் பற்களில். மற்ற இடமெல்லாம் மஞ்சள் அப்படியே இருக்கிறது. நாங்கள் ஓவியத்தில் உடம்பு முழுக்கத் துருவும் கீறலும் தெளிக்கிறோமே, அது தப்பு.

மூன்றாம் நாள் டீ நேரத்தில் அந்த ஆப்பரேட்டர் தம்பி வந்து எட்டிப் பார்த்தார். என் பழைய மெக் ஒன்றைக் காட்டினேன். 5 டன் எடை, 60-க்கு 40 சென்டிமீட்டர் பாதம். ஒற்றைக் காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், கார் டயரின் காற்றழுத்தம் அளவுதான் என்று பெருமையாகக் கணக்கும் சொன்னேன்.

"ரோட்டுல சரி சார். இப்ப நாங்க தோண்டுற மண்ணுல முழங்கால் வரைக்கும் இறங்கிடும். அதுக்குத்தானே எங்களுக்கு செயின் போட்டு விட்டுருக்கான்" என்றார். பிறகு இடுப்பு மூட்டில் விரல் வைத்தார். "இதுக்கு கிரீஸ் எங்க சார் அடிப்பாங்க? நாங்க பின்னுக்குப் பின் தினம் அடிக்கிறோம். ஒரு நாள் விட்டா புஷ் தேஞ்சு பக்கெட் ஆட ஆரம்பிச்சிடும்."

கவசம் மறைத்த மூட்டு அது. கிரீஸ் கன் நுழைய வழியே வைக்கவில்லை. அன்று ராத்திரி முன் மடலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி வரைந்தேன், இரண்டு போல்ட், உள்ளே ஒரு நிப்பிள். மூடியைச் சுற்றிக் கறுப்பு விரல் தடம். வேறு எதையும் மாற்றவில்லை. பாதத்தை மட்டும் ஒரு மீட்டருக்கு அறுபது சென்டிமீட்டர் ஆக்கினேன்.

வரையத் தொடங்கும் பிள்ளைகள் எந்தச் செயலி நல்லது என்று கேட்கிறார்கள். எதுவானாலும் சரி. உங்கள் தெருவில் குழி தோண்டும் சத்தம் கேட்டால் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன், காலையிலேயே போங்கள். கிரீஸ் அடிப்பது அப்போதுதான்.